துளையும் ஈர்ப்பு மையமும்



ஈர்ப்பு மையம் என்றால் என்ன என்று வகுப்பில் வினவினால் விடை உடனே வந்துவிடும். ஒரு பொருளின் எடை முழுவதும் எந்தப் புள்ளியின் வழியே செயற்படுகிறதோ, அப்புள்ளியே அதன் ஈர்ப்பு மையம். விடை சரியானதே. ஆனால், 'அப்பொருளில் ஒரு துளை இட்டால் அம்மையம் எங்கே போகும்?' என்று அடுத்த வினாவைத் தொடுத்தால் வகுப்பு அமைதியாகிவிடும். ஆசிரியப் பணியில் இருந்த காலமெல்லாம் இந்த அமைதியை நான் கண்டிருக்கிறேன். இலக்கணம் நாவில் இருக்கிறது. பொருளின்மேல் கை படவில்லை என்பதே அதன் பொருள். இன்று அந்த இரண்டாம் வினாவை எடுத்துக்கொள்வோம்.

திருவானைக்காவல் உள்வீதிகளில் சிறுவர்கள் பம்பரம் விடுவதைப் பல்லாண்டுகள் பார்த்திருக்கிறேன். கடைசல்காரர் மரத்தைக் கடைந்து பம்பரமாக்கியபின், ஆணிக்கு இடம் பார்ப்பதில்தான் அவருடைய திறமை இருக்கிறது. ஆணியின் நேர்கோடு பம்பரத்தின் ஈர்ப்பு மையத்தின் வழியே சென்றால் பம்பரம் உறங்குவதுபோல் நின்று சுற்றும். ஒரு நெல்லளவு விலகினாலும் தலையை ஆட்டும்; விரைவில் சாயும். ஆட்டத்தில் தோற்றவனின் பம்பரத்தில் வென்றவர்கள் ஆணியால் குத்துவார்கள். அந்தக் குழிக்கு 'ஆக்கர்' என்று பெயர். ஒரே பக்கத்தில் ஆக்கர் பல விழுந்த பம்பரம் முன்போல் சுற்றாது. ஏன்? அந்தப் பக்கத்தில் மரம் குறைந்தது. எடையின் நடு எதிர்ப்பக்கம் நகர்ந்தது. ஆணியோ பழைய இடத்திலேயே இருக்கிறது. எந்தப் பக்கம் துளைக்கிறோமோ, அதற்கு எதிர்ப்பக்கம் ஈர்ப்பு மையம் நகரும். நம் இரண்டாம் வினாவுக்கு விடை இதுவே.

குறைத்தால் எதிர்ப்பக்கம் நகரும் மையம், கூட்டினால் கூட்டிய பக்கமே நகரும். இதைப் பயன்படுத்துவதைக் காணத் தொலைவு செல்ல வேண்டா. நம் திருச்சிராப்பள்ளியில் 1928 முதல் இயங்கும் பொன்மலை இரயில்வேப் பணிமனையில், நீலகிரி மலை இரயிலுக்கான நீராவி எஞ்சின்கள் இந்த நூற்றாண்டிலும் கட்டப்பட்டுள்ளன. நீராவி எஞ்சினின் இயக்கு சக்கரத்தில், இணைப்புத் தண்டைத் தாங்கும் முளை நடுவிலிருந்து விலகி நிற்கும். அதற்கு எதிர்ப்புறம் பிறை வடிவில் ஒரு பாரம் அமைப்பது வழக்கம். அந்தப் பாரம் இல்லையேல் ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சின் அதிரும். பிறைபோல் தோன்றும் அது அழகுக்காக வைத்ததன்று, கணக்கிட்டு வைத்தது.

இதே கணக்கை மிக நுட்பமாகச் செய்கிற ஒரு விளையாட்டு உண்டு. அது பௌலிங் எனப்படும் பந்துருட்டல். கிரிக்கெட்டில் பந்து வீசுவது அன்று. எண்ணெய் பூசிய நீண்ட மரத்தளத்தில், 60 அடி தொலைவில் தொடங்கி முக்கோணமாக நிற்கும் பத்து முளைகளைப் பந்தை உருட்டி வீழ்த்தும் ஆட்டம். 1978 ஆம் ஆண்டு பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இது இடம்பெற்றது. இன்று சென்னையிலும் இதற்கு அரங்குகள் உண்டு. பந்தின் எடை 16 பவுண்டை, அதாவது ஏறத்தாழ 7¼ கிலோகிராமை, மீறக்கூடாது. பெருவிரலுக்கும் நடு விரலுக்கும் மோதிர விரலுக்கும் மூன்று துளைகள் வேண்டும். அவற்றை ஆடுபவரின் கையை அளந்தே இடுவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பந்தின் எடை 6.8 கிலோகிராம், ஆரம் 10.8 சென்டிமீட்டர். ஒவ்வொரு துளையும் 2.5 சென்டிமீட்டர் அகலம், 6 சென்டிமீட்டர் ஆழம் என்று கொள்வோம். மூன்று துளைகளிலும் வெளியேறும் பொருள் ஏறக்குறைய 115 கிராம். மூன்றும் ஒரே பக்கத்தில் இருப்பதால் ஈர்ப்பு மையம் எதிர்ப்பக்கம் 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகரும். அவ்வளவுதானா என்று எண்ணாதீர்கள். இந்த இழப்பை எதிர்பார்த்தே, பந்தைச் செய்பவர்கள் துளையிடப்படும் பக்கத்தில் முன்கூட்டியே சிறிது எடையை மிகுத்து வைக்கிறார்கள்; அந்தப் பக்கம் எதுவென்று பந்தின்மேல் ஓர் அடையாளமும் இடுகிறார்கள்.

விதியும் இதனைக் கவனிக்கிறது. முன்பெல்லாம் பந்தின் இடவலப் பாதிகளின் எடை வேறுபாடு 1 அவுன்சைத் தாண்டக்கூடாது; தாண்டினால் நான்காவதாக ஒரு சமன் துளையிட்டுச் சரி செய்யலாம். 2020 ஆகஸ்டு 1 முதல் அமெரிக்கப் பந்துருட்டல் பேரவை சமன் துளையை விலக்கியது. 10 பவுண்டுக்கு மேற்பட்ட பந்துகளுக்கு வேறுபாட்டின் எல்லையை 3 அவுன்சு, அதாவது 85 கிராம், என்று உயர்த்தியது. பந்துக்குள் தந்திரம் செய்து எவரும் வெல்லலாகாது என்பதே இத்தகைய விதிகளின் நோக்கம்.

இனி ஒரு படி மேலே செல்வோம். ஈர்ப்பு மையம் ஒரே இடத்தில் இருந்தாலும், எடை பரவியிருக்கும் விதம் வேறாக இருக்கலாம். ஒரே எடையுள்ள குட்டைப் பம்பரமும் நெட்டைப் பம்பரமும் ஒன்றுபோல் சுற்றுவதில்லை அல்லவா? இதையே நிலைமத் திருப்புத்திறன் என்று படிக்கிறீர்கள். இக்காலப் பந்துகளின் உள்ளே கனமான ஒரு கரு உண்டு. பந்து எவ்வாறு வளைந்தோடும் என்பதை ஈர்ப்பு மையத்தின் சிறு நகர்வைவிட அக்கருவின் வடிவமும் அது நிற்கும் கோணமுமே மிகுதியாகத் தீர்மானிக்கின்றன. கருவின் உச்சி எங்கே என்பதை மேற்பரப்பில் ஒரு நிறப்புள்ளி காட்டும். துளையிடுபவர் முதலில் ஆடுபவரை உருட்டச் சொல்லி, பந்தில் படியும் எண்ணெய்க் கோடுகளைக் கொண்டு சுழல் அச்சின் முனையைக் கண்டறிவார். சமச்சீரான கரு உள்ள பந்தில், நிறப்புள்ளி அச்சு முனையிலேயே இருந்தாலும், சுற்றளவில் காற்பங்காகிய 17 சென்டிமீட்டர் விலகி இருந்தாலும் பந்து தன் அச்சை மாற்றாமல் சீராக உருளும். அதில் பாதித் தொலைவில், அதாவது ஏறத்தாழ 8½ சென்டிமீட்டரில், அமைந்தால் அச்சு மிகுதியாக இடம்பெயரும். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதிய பரப்புத் தளத்தைத் தொடும், பிடிப்பு மிகும், பந்து கூடுதலாக வளையும். ஆகவே பந்து ஒன்றேயாயினும், துளையின் இடம் மாறினால் அதன் போக்கு மாறுகிறது.

இடம் தவறிய துளையை அடைக்கலாம். ஆனால் அடைக்க ஊற்றும் பிசினுக்கும் எடை உண்டு. கணக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். எனவே நல்ல தொழிலாளி துளைக்கருவியைக் கையில் எடுப்பதற்குமுன் பந்தை அளந்து முடித்திருப்பார். நம் கடைசல்காரர் கண்ணாலும் விரலாலும் அறிவதை அவர் துலாக்கோலாலும் அளவுநாடாவாலும் அறிகிறார். இருவரும் அறிவது ஒரே உண்மைதான். கையறிவு உடையவர் காரணத்தையும் கற்கவேண்டும். காரணம் கற்ற நீங்கள் கைவேலையையும் பழகவேண்டும்.

இன்று மாலை ஓர் அட்டையை எடுத்து விருப்பம்போல் வெட்டுங்கள். ஓரத்தில் ஓர் ஊசியில் அதனைத் தொங்கவிட்டு, அதே ஊசியிலிருந்து குண்டுநூல் தொங்கும் கோட்டை வரையுங்கள். வேறோர் இடத்தில் தொங்கவிட்டு மீண்டும் வரையுங்கள். கோடுகள் வெட்டுமிடமே ஈர்ப்பு மையம். பிறகு ஒரு பக்கத்தில் பெரிய துளையிட்டு, இச்சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். புதிய மையம் எங்கே விழும் என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் கோடுகளை வரைந்து, உங்கள் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.