பந்தியும் பாட்டும்



கூடிப் பாடுவோர் பாட்டுக்கு முன்னர் கூடி உண்ணுதலும் நன்று. இதன் பயன் யாது என்பதைத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் மாரிக்கால மாலைகள் நன்கு விளக்கும்.

இலங்கையின் கீழ்க்கரைக்கு வடகீழ்ப் பருவக்காற்றே மழையைக் கொணர்கிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் சனவரி வரையில் பெய்துவிடும். அக்காலத்தில் கடல் கொந்தளிக்கும், கரைவலை ஓய்ந்திருக்கும். நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேல்கரை ஊர்களிலிருந்து தொழிலுக்கு வந்த மீனவர் தம் ஊர்களுக்கு மீண்டிருப்பர். பனிநாட்டார் கூறும் குளிர்காலம் இங்கே இல்லை. எனினும் ஈரக்காற்றும் மெலிந்த வருவாயும் சேர்ந்து வீடுகளை ஒடுக்கிவிடுகின்றன.

இத்தகைய காலமே பாட்டுக்குரிய காலமாகவும் அமைந்துள்ளது. வைகறையில் சைவ மக்கள் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடிச் செல்வர். மாலையில் கிறித்தவ மக்கள் நத்தார்க் கீதங்களுக்கு ஒத்திகை பார்ப்பர். நத்தார் என்னும் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்து, நம் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது.

1893ஆம் ஆண்டில் திருகோணமலை ஒரு மறைமாவட்டத்தின் தலைமையிடமாயிற்று. அந்நாளில் கத்தோலிக்கத் திருப்பலி இலத்தீன் மொழியிலேயே நடைபெற்றது. 1962 முதல் 1965 வரை நிகழ்ந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னரே வழிபாடு மக்கள் மொழிக்கு வந்தது. அதனால் பாடகர் குழுவின் வாயில் அகலத் திறந்தது. இசைப் பயிற்சியற்ற தொழிலாளியும், தாதியும், கடைச் சிப்பந்தியும், மாணவரும் தம் தாய்மொழியில் பாட வரலாயினர். ஆனால் இவர்கள் ஓய்வுடையோர் அல்லர். துறைமுக வேலை முடித்து, மழையில் நனைந்து வருபவர் வெறும் வயிற்றோடு நின்றால், அவர் கண் பாட்டுத் தாளில் நில்லாது. கடிகாரத்தின் மீதே நிற்கும்.

ஆகவே ஒத்திகைக்கு முன் ஒரு வீட்டில் எளிய உணவு உண்பது நல்ல ஏற்பாடாகும். குழலில் அவித்த பிட்டு, தேங்காய்ச் சம்பல், கத்தரிக்காய்க் கறி, ஒரு சட்டி சொதி ஆகியன போதும். சொதிக்குப் பச்சை மிளகாயும் வெங்காயமும் மஞ்சளும் இட்டு, தேங்காய்ப் பாலை மெல்லெனக் காய்ச்சுவர். அடுப்பினின்றும் இறக்கிய பின்னரே தேசிக்காய்ச் சாறு விடுதல் வேண்டும். கொதிக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும். தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டிய பாடகருக்கு இதுவும் ஒரு பாடமன்றோ?

உணவு அளவோடு இருத்தல் வேண்டும். நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையேயுள்ள உதரவிதானம் கீழிறங்குகிறது. வயிறு புடைக்க உண்டவருக்கு அது தடையின்றி இறங்காது. நீண்ட அடியைப் பாடுமுன் மூச்சு முடிந்துவிடும். ஆகவே அரை வயிறு உண்டு, சூடான மல்லிக் கோப்பி அருந்தி, சிறிது நேரம் உரையாடிய பின் பாடத் தொடங்குதல் நலம்.

சுவீடன் நாட்டு ஆய்வாளர் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், சேர்ந்து பாடுவோரின் மூச்சு ஒழுங்குபடும்போது அவர்களுடைய இதயத் துடிப்பும் ஒன்றாக ஏறி இறங்குவதைக் கண்டனர். பாட்டு உடல்களை இவ்வாறு இணைக்க வல்லது. ஆயினும் பாட்டினால் இயலாத ஒன்றைப் பந்தி செய்கிறது. முப்பது குரல்களில் ஒன்று குறைந்தால் பலர் அறியார். பந்தியில் ஒரு தட்டு எடுப்பாரின்றி எஞ்சினால் அனைவரும் அறிவர். “இன்று அவரைக் காணோமே” என்னும் சொல் உடனே எழும். காய்ச்சலோ, வீட்டினுள் வெள்ளமோ, அன்றிக் கையில் பணமின்மையால் வந்த கூச்சமோ என்று ஒருவர் போய் விசாரிப்பார். அவருக்குரிய பங்கும் உடன் போகும்.

இவ்வூருக்கு இவ்விசாரிப்பு சிறிய செய்தியன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில், ஊரடங்கு நாட்களின் மாலையில் கூடுதல் இயலாதாயிற்று. 2004ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கிற்று. வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்பதன் அருமையை இவ்வூர் மக்கள் நன்கறிவர்.

இக்காலத்தில் கடையிலிருந்து சிற்றுண்டிப் பொதிகளை வாங்கி ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம் என்பர். பசி அதனால் தீரும். எனினும் பொதியை ஏந்தியவர் தனித்தனியே மூலையில் நின்று, கைத்தொலைபேசியைப் பார்த்தவாறே உண்டு முடிப்பர். எஞ்சிய பொதி யாருடையது என்று எவரும் கேளார்.

இவ்வேற்பாட்டிலும் ஒரு குறை நேரக்கூடும். சமைக்கும் பெண்மணி அடுக்களையிலேயே நின்றுவிட, மற்றோர் பாடச் செல்வராயின், அக்குழு தன் குரல்களில் ஒன்றைத் தானே இழந்ததாகும். ஆகவே பிட்டு ஒரு வீட்டிலிருந்தும், கறி மற்றொரு வீட்டிலிருந்தும் வருதல் வேண்டும். தேங்காய் துருவுதலையும் பாத்திரம் கழுவுதலையும் ஆடவர் ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். கொண்டுவர இயலாத வீட்டாரை எவரும் கேள்வி கேட்கலாகாது. விருந்தில் போட்டி புகுந்தால் வறியவர் முதலில் பந்தியை விடுவர். பிறகு பாட்டையும் விடுவர்.

மாணிக்கவாசகர் அருளிய திருவெம்பாவையின் 20 பாடல்களில், தொடக்கத்திலுள்ளவை தோழியர் வீடுதோறும் சென்று, இன்னும் எழாத தோழியைத் துயிலெழுப்பி அழைப்பதாகவே அமைந்துள்ளன. வராதவளை விட்டுவிட்டுப் போவோம் என்று அவர்கள் புறப்படவில்லை. வைகறைப் பாடலும் நத்தார்க் கீதமும் ஒலிக்கும் துறைமுக நகரில் இரு சாராருக்கும் அந்த அழைப்பு பொதுவானது. இவ்வாண்டு ஒத்திகை தொடங்கும் குழுக்கள், முதல் நாள் மாலையில் பாட்டுத் தாள்களை எண்ணுமுன் தட்டுகளை எண்ணிப் பார்க்கட்டும்.