கணினிச் சாமான்களை எந்தத் தலைப்பில் எழுதுவது?

(உழவர் உற்பத்தியாளர் நிறுவன உறுப்பினர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



உங்களில் பலர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் பங்குதாரர்களாக இருக்கிறீர்கள். கொள்முதல் செய்யவும், பில் போடவும், கணக்கு எழுதவும் கணினி, மடிக்கணினி, பிரிண்டர், யு.பி.எஸ். முதலான சாமான்களை நிறுவனங்கள் வாங்கி வைத்திருக்கின்றன. எல்லாம் உங்கள் பங்குப் பணம். இவற்றைச் சொத்துப் பதிவேட்டில் எந்தத் தலைப்பின் கீழ் எழுத வேண்டும் என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

இது கணக்கர் வேலை, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். நான் பார்த்த ஒரு பதிவேட்டில் ஒருவர் 'கணினி' என்றும், அவருக்குப் பின் வந்தவர் 'கம்ப்யூட்டர்' என்றும், மூன்றாமவர் 'சிஸ்டம்' என்றும் எழுதியிருந்தனர். மீதி எல்லாம் 'இதர சாமான்கள்'. மொத்தம் எத்தனை கணினி என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு பிரிண்டரைக் காசு கொடுத்துப் பழுது பார்த்த பிறகுதான், அதன் உத்தரவாதக் காலம் முடியவில்லை என்பதே தெரிய வந்தது.

தலைப்புகள் இரண்டு வகை. ஒன்று எல்லோருக்கும் பொதுவானது. மற்றொன்று நாமே வைத்துக்கொள்வது. உங்கள் நிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அடங்கலில் அதற்குப் புல எண் உண்டு. வீட்டிலோ 'கிணற்றுமேட்டு வயல்' என்பீர்கள். வங்கிக்குப் போனால் புல எண் வேண்டும். ஆளை வேலைக்கு அனுப்ப வீட்டுப் பெயர் வேண்டும். ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று உதவாது.

பொதுத் தலைப்பு ஏன் தேவை? உற்பத்தியாளர் நிறுவனங்களும் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்துக்கு உட்பட்டவை. அதன் இரண்டாம் அட்டவணை சொத்துகளின் பயன்பாட்டுக் காலத்தைக் குறிப்பிடுகிறது. மேசைக் கணினி, மடிக்கணினி போன்றவற்றுக்கு 3 ஆண்டு. சர்வர், நெட்வொர்க் சாதனங்களுக்கு 6 ஆண்டு. மேசை, நாற்காலிகளுக்கு 10 ஆண்டு.

ரூ.45,000 விலையுள்ள மடிக்கணினியைத் தவறிப்போய் மேசை நாற்காலியோடு சேர்த்து எழுதினால் என்ன ஆகும்? எஞ்சும் மதிப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், ஆண்டுக்கு ரூ.15,000 தேய்மானம் போட வேண்டிய இடத்தில் ரூ.4,500தான் விழும். மீதி ரூ.10,500 இலாபம்போலத் தோன்றும். இல்லாத இலாபத்தைப் பங்கிட்டுவிட்டால், கணினி பழுதாகும்போது புதியது வாங்கப் பணம் இராது.

அப்படியானால் சொந்தத் தலைப்பே கூடாதா? கூடும். 'இந்தச் சாமானுக்குச் செய்ய வேண்டிய வேலை மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறதா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆம் என்றால் மட்டும் பொதுத் தலைப்பின் கீழ் ஓர் உட்தலைப்பு வையுங்கள்.

கணினியோடு இணைத்த மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும். அதற்குத் தனித் தலைப்பு தகும். யு.பி.எஸ். பேட்டரி, யு.பி.எஸ்.ஸுக்கு முன்பே தேய்ந்துவிடும். அதை அகற்றுவதற்கு 2022ஆம் ஆண்டு முதல் தனி விதிகளும் உள்ளன. அதற்கும் தனித் தலைப்பு தகும். கறுப்பு மடிக்கணினி, வெள்ளை மடிக்கணினி என்று பிரிப்பதால் பயன் ஒன்றுமில்லை.

கவனிக்க வேண்டியவை:

1. பொதுத் தலைப்புகளைத் தணிக்கையாளரிடம் கேட்டு எழுதி, பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

2. ஒரு பொருளுக்கு ஒரே பெயரை வழங்குங்கள். 'கணினி' என்றால் என்றும் கணினிதான்.

3. இடம், வைத்திருப்பவர், வாங்கிய நாள், உத்தரவாதம் முடியும் நாள் ஆகியவற்றைத் தலைப்பாக்காதீர்கள். அவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் போடுங்கள். ஆள் மாறினால் கட்டத்தைத் திருத்தினால் போதும்.

4. ஒவ்வொரு சாமானுக்கும் எண் கொடுத்து, அதன் மீதே ஒட்டுங்கள்.

5. 'இதர சாமான்கள்' பட்டியல் நீண்டுகொண்டே போனால், அதில் ஒரு வகை தலைப்பின்றி ஒளிந்திருக்கிறது என்று பொருள். பிரித்து எழுதுங்கள்.

6. புதிய தலைப்பு சேர்ப்பதை இயக்குநர் கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். எழுதுகிறவர் தம் விருப்பப்படி சேர்க்க விடாதீர்கள்.

மாட்டுத் தொழுவத்தில் ஒரு கன்று குறைந்தால் அன்று மாலையே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அலுவலகச் சாமானிலும் அதே கண் வேண்டும். அடுத்த கூட்டத்தில் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பங்குதாரராகிய உங்களுக்கு அந்த அக்கறை இருந்தால், எழுதுகிறவரும் கவனமாக எழுதுவார்.