விளக்கு மங்கும்போது உடைகிற படம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், 2003ஆம் ஆண்டு உயர்தர வகுப்பினர் சார்பில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பு ஒரு வைத்தியரை மேடைக்கு அனுப்பியிருக்கிறது, இனிச் சீனி வருத்தமும் பிரஷரும்தான் என்று முன்வரிசையில் சிலர் பெருமூச்சு விடுவது தெரிகிறது. பயப்பட வேண்டாம். இன்று நாங்கள் கதைக்க வந்தது ஒரு வீடியோ கசற்றைப் பற்றி.

2002, ஏ-9 பாதை திறந்த ஆண்டு. அந்த வருடத் தமிழ்த் தினத்துக்கு நாங்கள் ஒரு நாடகம் போட்டோம். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்த ஓர் அக்காவின் கணவர் அதைத் தம் கமெராவில் பிடித்தார். கடைசிக் காட்சியில், பிள்ளையைத் தேடிக் களைத்த தாய் திண்ணையில் இருந்து படலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மேடை வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைந்து இருட்டாக வேண்டும். வெளிச்சத்தைக் குறைக்கும் கருவி எங்களிடம் ஏது? இருந்தது ஒரே ஒரு பெரிய விளக்கு. அதன் முன்னால் ஒரு தகரத்தை எங்களில் ஒருத்தி அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். தகரம் கொதித்துக் கை சுட்டது, அவள் விடவில்லை. குப்பி விளக்கில் படித்து வளர்ந்த பிள்ளைகள் அல்லவா, வெளிச்சம் எப்படிச் சாகும் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வருடம் அந்தக் கசற்றை விசிடியாக மாற்றி ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். பிறகு கசற் எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியாது. விசிடியிலிருந்து கொம்பியூட்டருக்கும், கொம்பியூட்டரிலிருந்து போனுக்குமாக அது ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று சுற்றியது.

தாயாக நடித்தவள் இப்போது எங்களுடன் இல்லை. அவளுடைய மகள் போன வருடம் எங்களுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினாள். "அன்ரி, கடைசியில அம்மான்ர முகம் ஏன் சதுரம் சதுரமா உடையுது? அதுக்கு முதல் நல்லாத்தானே இருக்கு?"

பழைய படம், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் கேள்வி சரியான கேள்வி. நாடகம் முழுக்கத் தெளிவாக இருக்கிற முகம், அசையாமல் இருக்கிற அந்தக் கடைசிக் காட்சியில் மட்டும் ஏன் உடைய வேண்டும்? எங்கள் வகுப்பில் இரண்டு பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து தேடிக் கண்டுபிடித்ததைத்தான் இங்கே சொல்கிறோம்.

விசிடியில் படத்துக்கென்று ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 1,150 கிலோபிட் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டு முறையில் செக்கனுக்கு 25 படங்கள் என்றால், ஒரு படத்துக்குச் சராசரியாக 46,000 பிட். சுருக்காமல் வைத்தால் அதே படம் 12 இலட்சம் பிட்டுக்கு மேல் பிடிக்கும். ஆக, 26இல் ஒரு பங்கு இடத்துக்குள் அதை அடக்க வேண்டும்.

முழுப் படத்தையும் ஒவ்வொரு தடவையும் எழுதினால் இது நடக்காது. படத்தைச் சுருக்கும் என்கோடர், அதைப் பக்கத்துக்கு 16 புள்ளி கொண்ட 396 சதுரங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு சதுரத்தையும் எடுத்து, இதே மாதிரித் துண்டு முந்திய படத்தில் எங்கே இருந்தது என்று தேடுகிறது. கிடைத்தால் "அங்கிருந்து எடு, இவ்வளவு தள்ளி வை" என்ற குறிப்பும், மிஞ்சிய சிறு வித்தியாசமும் போதும். சுவர் அசையாது, அதற்குச் செலவே இல்லை. நடிகை கையை வீசினால் கைக்கு மட்டும் செலவு. இடையிடையே மட்டும் ஒரு முழுப் படம்.

இனி அந்தத் தகரத்தை நகர்த்துங்கள். மேடையில் எதுவுமே அசையவில்லை. ஆனால் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் மங்கிவிட்டது. அதுவும் ஒரே அளவில் அல்ல: வெள்ளைச் சேலை நிறைய இழக்கிறது, கருங்கூந்தல் கொஞ்சமாக. என்கோடருக்கு இடம் மாறுவதுதான் தெரியும், வெளிச்சம் மாறுவது தெரியாது. முந்திய படத்தில் எந்தத் துண்டும் பொருந்தவில்லை. சிலவேளை கன்னத்துக்குப் பொருத்தமென்று சுவரில் ஒரு துண்டைப் பிடித்து வருகிறது; வெளிச்சம் ஒத்துப்போகிறதாம்! 396 சதுரமும் ஒரே நேரத்தில் பங்குக்கு வந்து நிற்கின்றன.

சங்கக்கடை வரிசையில் நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வந்த அரிசி அவ்வளவுதான். சனம் கூடினால் மனேஜர் ஆளுக்குக் கொடுக்கும் அளவைக் குறைக்கிறார். என்கோடரும் அதைத்தான் செய்கிறது. கணித பாடத்தில் மட்டந்தட்டல் படித்தோமே, அதுதான் அதன் கத்தி. ஒவ்வொரு சதுரத்தின் புள்ளிகளையும் ஒரு கணக்கால் அலைகளாக மாற்றி, அந்த எண்களை மட்டந்தட்டுகிறது. அந்தக் கணக்கை 1974இல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்ற மூவர். இன்று உங்கள் போனில் உள்ள படங்களில் பெரும்பாலானவை அந்தக் கணக்கின் பிள்ளைகள். பங்கு போதாதபோது மட்டந்தட்டலைக் கூட்டினால், முதலில் போவது நுண்ணிய கோடுகள்: கண்ணிமை, சுருக்கம், உதட்டின் ஓரம். மிஞ்சுவது சதுரத்துக்கு ஒரு சாம்பல் நிறம். எங்கள் சிநேகிதியின் முகத்துக்கு நடந்தது அதுதான்.

இங்கே வைத்தியராக ஒரு சொல். காட்சி சட்டென்று மாறினால், மாறிய அந்தக் கணத்தில் மனிதக் கண் நுணுக்கத்தைப் பார்க்காது. அங்கே பிட்டைக் குறைத்துக் கொடுத்தாலும் ஒருவரும் பிடிக்கமாட்டார்கள். மெல்ல மங்கும் காட்சி அப்படியல்ல. கண்ணுக்கு நேரம் இருக்கிறது, மனம் ஒரே முகத்தில் நிற்கிறது. ஆகவே பங்கு மிகவும் தேவைப்படும் இடமும், பங்கு தீர்ந்துபோகும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

கலியாண வீடியோவிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். கெட்டிமேளம், தாலி கட்டும் நேரம், எல்லாக் கமெராவும் ஒரே கணத்தில் பளிச்சிடும். அந்த ஒரு படத்தைக் கண்ட என்கோடர் புதுக் காட்சி வந்துவிட்டதென்று நினைத்துப் பங்கைக் கொட்டுகிறது. அடுத்த படத்தில் வெளிச்சம் பழையபடி. மறுபடியும் புதுக் காட்சி என்கிறது. தாலி முடிச்சு விழும்போது சங்கக்கடை காலி. மூன்று முடிச்சில் ஒன்றையாவது தெளிவாகப் பார்த்த விசிடி எங்கள் வீட்டில் இல்லை.

இதற்கு மருந்து வந்தது, எங்கள் விசிடி எழுதப்பட்ட அதே 2003இல். எச்.264 என்ற புதிய முறையில், முந்திய படத்தை ஓர் எண்ணால் பெருக்கி இன்னோர் எண்ணைக் கூட்டிப் பார் என்று சொல்ல வழி வைத்தார்கள். படம் முழுவதும் நூற்றுக்கு ஐந்து மங்கியிருந்தால் 0.95 என்று ஒருமுறை சொன்னால் போதும். 396 சதுரத்துக்கும் தனித்தனியே அழ வேண்டியதில்லை. பளிச்சிட்ட படத்தைத் தாண்டி அதற்கு முந்திய படத்தைப் பார்த்து எழுதவும் அதில் இடமுண்டு. ஆனால் அம்முறையின் எளிய வகையில் இந்தப் பெருக்கல் இல்லை. நேரடி வீடியோ அழைப்புகளில் அடிக்கடி ஓடுவது அந்த எளிய வகைதான்.

அது எங்களுக்கு ஒரு இரவு வேலை நேரத்தில் விளங்கியது. தூரத்து வைத்தியசாலை ஒன்றிலிருந்து, மூச்சு இழுக்கும் குழந்தையொன்றை வீடியோ அழைப்பில் காட்டினார்கள். விலா எலும்புகளுக்கிடையில் சதை உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். தாதி டோர்ச்சைப் பிடித்திருந்தார். கை அசைய வெளிச்சம் அசைந்தது, வெளிச்சம் அசைய மார்பு முழுவதும் சதுரங்களாகத் துள்ளியது. மூச்சா, சதுரமா? சொல்ல முடியவில்லை. "டோர்ச்சை மேசையில வையுங்கோ பிள்ளை, போனையும் எதிலயாவது சாத்துங்கோ" என்றோம். பத்துச் செக்கனில் படம் தெளிந்தது. சதை உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. அம்புலன்சுக்குச் சொன்னோம். இப்போது அழைப்பு வந்தால் நோயைக் கேட்பதற்கு முதல் வெளிச்சத்தைத்தான் கேட்கிறோம்.

இன்று மாலை மங்கல விளக்கேற்றலை வெளிநாட்டிலுள்ள நம் சகோதரிகள் நேரலையில் பார்ப்பார்கள். நேரலையில் முன்கூட்டிப் பார்த்துப் பங்கைச் சேமித்து வைக்க அவகாசம் மிகக் குறைவு. அதனால் மண்டப விளக்குகளை மெல்ல மங்கச் செய்யும் வடிவான யோசனையைக் கைவிட்டோம். விளக்குகள் எரிந்தபடியே இருக்கும். கமெரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்காதபடி பூட்டியிருக்கிறோம். முதல் திரி ஏற்றும்போது தயவுசெய்து ஒருவரும் பிளாஷ் போட வேண்டாம். அமைப்புக்குழுவில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். சிரியுங்கள், ஆனால் போட வேண்டாம்.

கசற்றின் கதையை முடிக்கவில்லை. இந்த வருடம் ஓர் அக்காவின் வீட்டு றங்குப் பெட்டியில், சேலைகளுக்குக் கீழே, அது கிடைத்தது. பூஞ்சணம் கொஞ்சம்; நாடா அறவில்லை. கசற்றில் சதுரங்களும் இல்லை, சங்கக்கடையும் இல்லை. கோடுகள் ஓடும், நிறம் வழியும், ஆனால் முகம் உடையாது. அதைச் சுருக்கவே சுருக்காமல் கொம்பியூட்டரில் ஏற்றினோம். ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறத்தாழ 75 கிகாபைட் பிடித்தது. ஒன்றையும் இழக்காமல் சுருக்கும் முறைகளும் உண்டு. அவற்றில் இது பாதியளவுக்குக் குறையலாம். எங்கள் வகுப்பில் இதுபற்றி வாக்குவாதம் வந்தது. போனில் பார்க்கத்தானே, சின்னதாக எடுத்தால் போதாதா என்றார்கள். பார்க்கிற பிரதியைச் சின்னதாக எடுங்கள், காப்பகப் பிரதியில் கை வைக்காதீர்கள் என்பது எங்கள் முடிவு. பார்க்கிற பிரதியையும் அவசரப்படாமல் இரண்டு ஓட்டமாகச் செய்தோம்: முதல் ஓட்டத்தில் கடினமான இடங்களைக் குறித்துக்கொண்டு, இரண்டாவதில் அந்தக் கடைசிக் காட்சிக்கு வேண்டியதை ஒதுக்கும்படி.

உங்கள் வீடுகளிலும் பரிசளிப்பு விழா, விளையாட்டுப் போட்டி, கலைவிழா என்று கசற்றுகள் இருக்கும். நாளை முழுவதும் நூலகத்தில் எங்கள் வகுப்பினர் இருப்பார்கள். கொண்டுவந்து தாருங்கள். பூஞ்சணம் பிடித்ததை வீட்டில் டெக்கில் போட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டுவர வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள்.

நாடகம் இன்றிரவு 7 மணிக்கு. மகள் அங்கே அதிகாலையிலிருந்தே காத்திருப்பதாகச் செய்தி அனுப்பியிருக்கிறாள். தகரம் பிடித்தவள் மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். கையைக் கேட்டால் காட்டுவாள்.