வீட்டு வளவில் ஓர் உலைக்களம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவிலே பேசுமாறு எங்களை அழைத்த செயலாளர், பேசும் பொருளை எங்கள் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். சமயமும் இலக்கியமும் பேசவல்ல சான்றோர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் இளையோராகிய நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் இரும்பு. வீட்டு வளவின் கோடியிலே, பொழுதுபோக்காக ஓர் உலைக்களம் அமைப்பது எங்ஙனம், அமைத்ததைக் காப்பது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சு.

"படிக்கிற பிள்ளைகளுக்குச் சம்மட்டி எதற்கு?" என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறோம். நாங்கள் மிஷன் பாடசாலையிற் பயின்று பல்கலைக்கழகம் புகுந்தவர்கள். இரும்பின் அணு எடையைச் சொல்லுவோம். அது துருப்பிடிக்கும் விதத்தைச் சமன்பாடாக எழுதிக் காட்டுவோம். ஆனால் மழுங்கிய மண்வெட்டி ஒன்றைக் கையிலே தந்து, "தம்பி, இதைத் திருத்தித் தா" என்றால் விழிப்போம். புத்தகத்தில் இரும்பைக் கற்றவன் கையால் இரும்பைத் தொட்டறியாதிருப்பது அரைக்கல்வியே. அந்த மற்றப் பாதியைத் தேடியே, விடுமுறை நாட்களில் நண்பர் சிலராகச் சேர்ந்து, உடுவிலில் ஒரு வளவிலே சிறிய உலை ஒன்றை நடத்தி வருகிறோம்.

நம் வீடுகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தோட்டத்து மண்வெட்டி, குழி தோண்டும் அலவாங்கு, மாவிலை பறிக்கும் கொக்கச்சத்தகம், பாட்டியின் பாக்குவெட்டி, ஓலை வாரும் சத்தகம், பனையேறுவோரின் பாளைக்கத்தி ஆகிய யாவும் ஒரு காலத்தில் ஊர்க் கொல்லர் பட்டறையிலே பிறந்தவை. இன்றோ கடையில் வாங்குகிறோம், உடைந்தால் எறிகிறோம். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே அந்நியச் செலாவணி வறண்டு இறக்குமதி முடங்கியபோது, திருத்தத் தெரிந்த கை ஒன்று ஊரில் இருப்பது எத்தனை பெரிய செல்வம் என்பதை நாம் யாவரும் உணர்ந்தோம்.

இத்தொழில் நம் மண்ணுக்குப் புதியதும் அன்று. நமக்கு அயலிலுள்ள கந்தரோடையை 1970ஆம் ஆண்டிலே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தனர். ஆனைக்கோட்டையிலே 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் பெருங்கற்காலப் புதைகுழிகளைக் கண்டனர். பெருங்கற்காலம் என்று நம் நாட்டிலும் தமிழகத்திலும் வழங்குவது இரும்பு பயின்ற காலமேயாகும். இலங்கையின் தென்பகுதியில், பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவாவியிலோ இதனினும் வியப்பான செய்தி உண்டு. கில் ஜூலெவ் என்னும் ஆய்வாளர் அங்கே மலைச்சரிவுகளில் மேற்கு நோக்கிய பழைய உலைகள் பலவற்றைக் கண்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், துருத்தி மிதிப்பாரின்றி, தென்மேற்குப் பருவக்காற்றையே ஊதுகாற்றாகக் கொண்டு அவ்வுலைகளில் இரும்பும் உருக்கும் எடுத்தனர். அதேபோன்ற உலையை மீளக் கட்டிக் காற்றில் எரித்து மெய்ப்பித்துக் காட்டி, 1996ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழிலே அவர் எழுதினார். அந்தத் தென்மேற்குக் காற்றுத்தான் நம் ஊரிலே சோளகம் என்று பெயர் பெற்று வீசுகிறது. அங்கே வேலைக்காரனாய் நின்ற காற்று, கிடுகு வேலி சூழ்ந்த நம் வளவிலே பகைவனாய் மாறக்கூடும். ஆதலால் உலை அமைக்கும் பேச்சைக் காற்றிலிருந்தே தொடங்குகிறோம்.

உலைக்கு இடம் தேடும்போது, சோளகம் எப்பக்கமிருந்து வருகிறது, வாடை எப்பக்கமிருந்து வருகிறது என்று முதலிற் பார்க்க வேண்டும். பொறி பறந்தால் அது வீட்டுக் கூரையிலோ, அயல்வீட்டுக் கிடுகு வேலியிலோ, வைக்கோற் போரிலோ விழாத இடமாக இருக்க வேண்டும். கூரை தகரமாக இருக்கட்டும், பக்கங்கள் திறந்திருக்கட்டும். மூடிய அறையிலே கரி எரிந்தால் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத நச்சுவாயு சேர்ந்து ஆளைக் கொன்றுவிடும். சருகை ஓரடி தூரமும் விடாமற் கூட்டி எடுத்து, மண்தரையாகவே வைத்திருப்பது நன்று. சீமெந்துத் தரையிலே பழுக்கக் காய்ந்த இரும்பு விழுந்தால் தரை வெடித்துத் துண்டு பறக்கும்.

உலையை எதனாற் கட்டுவது? கையெட்டும் தூரத்தில் கிடைக்கிறதென்று நம் ஊர்க் கல்லை அடுக்கிவிடலாகாது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கற் பாறையின்மேல் இருக்கிறது. அக்கல் உலைச் சூட்டில் நீறாகிப் பொடியும். ஈரம் ஊறிய கல்லாயின் வெடிக்கவும் வெடிக்கும். களிமண்ணோடு உமி கலந்து பிசைந்து, நன்றாக உலரவிட்டு, சிறு தீயிலே பலமுறை காய்ச்சிய பின்னரே பெருந்தீ மூட்ட வேண்டும். எரிபொருளுக்குச் சிரட்டைக்கரி போதும். ஊதுவதற்குத் தோற்றுருத்தி இல்லாவிடினும், கையாற் சுற்றும் ஊதுவிசிறி ஒன்று கிடைத்தால் வேலை நடக்கும்.

அடுத்தது பட்டடை. பலர் தண்டவாளத் துண்டொன்றையே பட்டடையாகக் கொள்ளுகிறார்கள். அது நல்ல உருக்கு. ஆயினும் ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும். 1990இல் நின்றுபோன வடபகுதிப் புகையிரதப் பாதையின் தண்டவாளங்கள் போர்க்காலத்தில் எங்கெங்கோ போய்ப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2014இல் யாழ்ப்பாணம் வரைக்கும், 2015இல் காங்கேசன்துறை வரைக்கும் புகையிரதம் மீண்டும் ஓடலாயிற்று. தண்டவாளம் அரச உடைமை. எங்கிருந்து வந்ததென்று தெரியாத துண்டை வாங்காதிருப்பதும், வாங்கியதற்குப் பற்றுச்சீட்டு வைத்திருப்பதும் உலையைக் காக்கும் வழிகளுள் ஒன்றாகும். இவற்றோடு ஒரு சுத்தியல், ஒரு சம்மட்டி, நீண்ட பிடியுள்ள குறடு இரண்டு, அரம், உளி, தண்ணீர்த் தொட்டி, மணல் நிறைந்த வாளி ஆகியன இருந்தாற் போதும்.

வேலையின் நுட்பம் நிறத்திலே இருக்கிறது. இரும்பு செம்மஞ்சளாய் ஒளிரும்போதுதான் அடிக்க வேண்டும். மங்கிய சிவப்புக்கு இறங்கியபின் அடித்தால் வெடிப்பு விழும். கத்தி செய்ய மெல்லிரும்பு உதவாது. பழைய லொறியின் வில்லுத் தகட்டிலே நூற்றுக்கு அரைப்பங்குக்கு மேற் கரி கலந்திருப்பதால் அது கத்திக்கு ஏற்றது. கத்தியைக் காய்ச்சிக் காந்தத்தைக் காட்டுங்கள். ஏறக்குறைய 770 பாகை சதமவெப்பத்தில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அதற்குச் சற்று மேலே கொண்டுபோய் எண்ணெயிலே தோய்த்தால் கடினமாகும். அப்படியே விட்டால் கண்ணாடிபோல் உடையும். ஆகவே மினுக்கிய வாயிலே வைக்கோல் நிறம் படரும்வரை, அதாவது 220, 230 பாகை வரை, மெல்லச் சூடாக்கி ஆறவிட வேண்டும். பிறர் பல தலைமுறையாகக் கண்ணாற் கண்டு கையாற் கற்றதை நாம் புத்தகத்தால் விளக்குகிறோம், அவ்வளவே வேறுபாடு.

இனிக் காப்பு. முதலாவது உடலைக் காப்பது. பருத்தி உடையும், மூடிய சப்பாத்தும், கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். நைலோன் உடை தோலோடு உருகி ஒட்டும். நாகம் பூசிய குழாயையும் முட்கம்பியையும் உலையில் இடாதீர்கள். அந்தப் பூச்சு ஆவியாகி மூச்சிற் புகுந்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். இருபக்கமும் அடைத்த குழாயை ஒருபோதும் தீயில் வைக்காதீர்கள். சுட்டுவிட்டால் உடனே இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். பற்பசையும் நெய்யும் பூச வேண்டாம்.

நம் நாட்டில் மிக அழுத்தமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. காணி துப்புரவாக்கும்போதும் தோட்டம் கொத்தும்போதும் மண்ணுக்குள்ளிருந்து வருகிற இரும்பு எதையும் உலைக்குக் கொண்டுவராதீர்கள். துருவேறிய அவ்விரும்பு ஏர்க்கொழுவாகவும் இருக்கலாம். வெடியாத குண்டாகவும் இருக்கலாம். போர் 2009இல் முடிந்தது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலே இலங்கை 2017இல் சேர்ந்தது. ஆயினும் மண் தன் கணக்கை இன்னும் முடிக்கவில்லை. ஐயமான பொருளைத் தொடாமல், இடத்தை அடையாளமிட்டு, அறிவிக்க வேண்டியோர்க்கு அறிவித்துவிடுங்கள்.

இரண்டாவது கிணற்றைக் காப்பது. கத்தி தோய்த்த எண்ணெய் கறுத்துப்போனால் அதை எங்கே ஊற்றுவது? சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த துன்பத்தை 2014, 2015ஆம் ஆண்டுகளில் நம் ஊரவரும் அனுபவித்தனர். அவ்வழக்கிலே மின்னுற்பத்தி நிறுவனம் ஒன்று இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுண்ணாம்புக்கல் வெடிப்புகளின் வழியே, நிலத்தில் ஊற்றியது நேரே நீருக்குப் போய்ச் சேருகிறது. இந்த மண்ணிலே தன் வளவு, அயல் வளவு என்று நீருக்கு எல்லையில்லை. ஆதலால் ஒரு போத்தல் எண்ணெயும் மண்ணிற் சிந்தலாகாது. சமையலுக்கு உதவும் தாவர எண்ணெயையே தோய்க்கப் பயன்படுத்தி, இறுக்கமான இரும்பு மூடியுள்ள தகரத்தில் வைத்திருங்கள். எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் மூடியாலே மூடுங்கள்.

மூன்றாவது, கருவிகளைக் காப்பது. கடற்காற்று உப்போடு வருவதால் நம்மூரில் இரும்பு எளிதில் துருவேறும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். பழைய இரும்புக்கு விலை உண்டாதலால் கள்வருக்கும் அதில் ஆசை உண்டு. ஒவ்வொரு கருவியிலும் உங்கள் குறியைச் சூட்டோடு பொறித்துவிடுங்கள். பட்டடையைக் கட்டையோடு ஆணியறைந்து சங்கிலி இடுங்கள். சிறுவர் தொடாதபடி மற்றவற்றைப் பூட்டிவையுங்கள்.

ஆனால் தோழர்களே, இந்தப் பூட்டெல்லாம் சிறு பூட்டு. உலைக்குப் பெரும் பூட்டு ஒன்று உண்டு. அதுவே அயலவரின் நம்பிக்கை. சம்மட்டி ஓசை வேலிக்கு அப்பாலும் கேட்கும். உலை மூட்டுமுன் நான்கு பக்கத்து வீட்டுக்கும் சென்று, "இன்ன நாளில், இன்ன நேரத்தில் அடிப்போம், தொந்தரவாயிருந்தாற் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பரீட்சைக் காலத்தில் நிறுத்துங்கள். ஒழுங்கையிலே ஒரு செத்தவீடு நேர்ந்தால், எட்டுக் கழியும்வரை துருத்தியைத் தொடாதீர்கள். முதலில் முடித்த கத்தியை அயல்வீட்டு அக்காவின் கறிச்சட்டிக்கு அருகே கொண்டுபோய்க் கொடுங்கள். அதன்பின் உங்கள் வளவுக்குள் அந்நியன் நுழைந்தால், உங்களுக்கு முன்னரே அந்த அக்கா குரல் கொடுப்பார்.

இந்நம்பிக்கை உடைவதற்கு ஒரே ஒரு வழி போதும். அதையும் மறைக்காமற் பேச வேண்டும். அண்மைய ஆண்டுகளிலே யாழ்ப்பாணம் என்றாற் செய்தித்தாள்களில் வாள்வெட்டு என்னும் சொல்லும் கூட வந்தது. பட்டறை வைத்திருப்போரையும் ஐயக்கண் கொண்டு பார்க்கும் நிலை ஏற்பட்டது. ஒரு நாள் உங்கள் படலையடியிலும் ஒருவன் வந்து நிற்பான். "மச்சான், சுவரிலே அழகுக்கு மாட்டத்தான்; ஒரு நீண்ட வாள் அடித்துத் தா; கேட்ட பணம் தருகிறேன்" என்பான். அன்றைக்கு நீங்கள் சொல்லும் விடையே உங்கள் உலையின் ஆயுளைத் தீர்மானிக்கும். நாங்கள் எங்கள் உலையின் முகப்பிலே எழுதி வைத்திருக்கிறோம்: இங்கே தோட்டத்துக்கும் அடுப்படிக்கும் உரியவை மட்டும் செய்யப்படும். செய்தது எது, யாருக்குக் கொடுத்தோம் என்று ஒரு கொப்பியிலே நாளும் பெயரும் குறித்து வருகிறோம். அக்கொப்பியை எவர் கேட்டாலும் காட்டலாம். ஒளிக்க ஒன்றுமில்லாத பட்டறைக்கு அச்சமும் இல்லை.

கடைசியாக ஒன்று. பெரியோர் பொறுத்தருள வேண்டும். இத்தொழிலைப் பரம்பரையாகச் செய்தவரை நம் சமூகம் நடத்திய விதம் பெருமைப்படத்தக்கதன்று. அவர் அடித்த மண்வெட்டியால் விளைந்த சோற்றை உண்டுகொண்டே, அவரைப் படலையடியில் நிறுத்தி வேலை சொன்ன வழக்கம் இருந்தது. அவர் பிள்ளைகளுட் பலர் உலையை விட்டு வேறு தொழிலுக்குப் போனதற்கு வருவாய்க் குறைவு மட்டும் காரணமன்று. இந்த மதிப்புக் குறைவும் ஒரு காரணம். இன்று படித்த பிள்ளை சம்மட்டி எடுத்தால் அது 'பொழுதுபோக்கு' என்று பாராட்டுப் பெறுகிறது. காலமெல்லாம் அதையே எடுத்தவருக்கு அப்பாராட்டுக் கிடைத்ததா?

ஆகவே உலை மூட்ட விரும்பும் இளைஞனுக்கு முதல் வேலை, ஊரில் இன்னும் எஞ்சியிருக்கும் கொல்லர் ஒருவரிடம் மாணவனாய்ப் போய் நிற்பது. "ஐயா, பழக்கித் தாருங்கள்" என்று கேட்டு, துருத்தி ஊதி, கரி அள்ளி, அவர் நேரத்துக்குரிய கூலியையும் கொடுத்துக் கற்க வேண்டும். கற்றபின் அவரிலும் குறைந்த விலைக்குக் கத்தி விற்று அவர் சோற்றிலே கை வைக்கலாகாது. நமக்கு வருகிற வேலையை அவரிடம் அனுப்ப வேண்டும். பொழுதுபோக்கு உலை, தொழில் உலைக்குத் துணையாக நிற்க வேண்டும்.

சங்கத்தாருக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. ஆண்டுதோறும் ஆயுத பூசையிலே கருவிகளுக்குப் பொட்டிட்டு மலர் சாத்துகிறோம். அடுத்த ஆண்டில் அக்கருவிகளைச் செய்த முதிய கைகளையும் இம்மண்டபத்துக்கு அழைத்து, முன்வரிசையில் இருத்தி, பொன்னாடை போர்த்தி, அவர் வாயால் அவர் தொழிலைச் சொல்லக் கேட்போம். அவர் சொல்வதை எழுதிக்கொள்ள இளைஞர் நால்வர் முன்வரட்டும். அவ்வாறு செய்தால், உடுவிலில் ஓர் உலை அணைந்தாலும் இன்னோர் உலையில் நெருப்பு இருக்கும்.