கட்டியின் பெயரைக் கேளுங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் இரைப்பை, குடல் அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'உணவுப் பாதையில் வரும் அபூர்வக் கட்டிகள்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அபூர்வம் என்றதும், "நமக்கா வரப் போகிறது?" என்று சிலர் வேறு அலைவரிசைக்கு மாற்ற நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். ஓர் அம்மாவின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அவர். நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். மலம் தார்போலக் கறுப்பாகப் போயிற்று. அந்த மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பது உண்டுதான். ஆகவே யாரும் கவலைப்படவில்லை. ஒருநாள் சமையற்கட்டிலேயே மயங்கி விழுந்துவிட்டார். வாய்வழியே கேமரா குழாய் விட்டுப் பார்த்தபோது, இரைப்பைச் சுவரில் ஆரஞ்சுப் பழ அளவில் ஒரு கட்டி. இரத்தம் கசிந்தது அதிலிருந்துதான்.

வெளியூர்ச் சொந்தங்கள் எல்லாம் வந்து கூடிவிட்டார்கள். மகன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "டாக்டர், அம்மாவுக்கு இன்னும் எத்தனை மாதம்?" என்பது.

"தம்பி, கட்டியின் பெயரே இன்னும் நமக்குத் தெரியாது. பெயர் தெரியாமல் மாதக் கணக்குச் சொல்வது பாவம்" என்றேன். நான் இன்று சொல்ல வந்ததும் அதுதான்.

எல்லாக் கட்டியும் ஒன்றல்ல

வயிற்றுப் புற்றுநோய், குடல் புற்றுநோய் என்று நாம் பொதுவாகச் சொல்வது, இரைப்பை அல்லது குடலின் உட்தோலில் தோன்றுவது. இது அபூர்வமல்ல. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயும், சுமார் 9 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு இரைப்பைப் புற்றுநோயும் புதிதாகக் கண்டறியப்பட்டன.

அதே இடத்தில் வேறு வகை உயிரணுக்களிலிருந்தும் கட்டிகள் வரும். அவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். முதலாவது 'ஜிஸ்ட்'. நம் குடல் தாளம் தவறாமல் அசைவதற்குச் சில உயிரணுக்கள் உண்டு. 1906-இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் அறிஞர் கஹால் பெயரால் அவை அழைக்கப்படுகின்றன. அவற்றோடு தொடர்புடைய உயிரணுக்களிலிருந்து வருவது ஜிஸ்ட். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்கு வருகிறது. 3 கோடியே 40 லட்சம் மக்கள் வாழும் மலேசியாவுக்கு இதே விகிதத்தில் கணக்குப் போட்டால், ஆண்டுக்கு 340 முதல் 510 பேர். அபூர்வம்தான், ஆனால் ஒவ்வொரு நாளும் எங்கோ ஒரு வீட்டில் இந்தச் செய்தி போய்ச் சேருகிறது என்று பொருள்.

இரண்டாவது 'நியூரோஎண்டோகிரைன்' கட்டி. ஹார்மோன் சுரக்கும் உயிரணுக்களிலிருந்து வருவது. 1907-இல் ஜெர்மானிய மருத்துவர் ஓபர்ன்டோர்ஃபர் இதற்குப் 'புற்றைப் போன்றது' என்று பொருள்படும் பெயரை வைத்தார். ஆபத்தில்லாதது என்று அவர் நினைத்தார். பின்னர், இது பரவவும் கூடும் என்று 1929-இல் அவரே திருத்திக்கொண்டார். 'லைஃப் ஆஃப் பை' படத்தில் நடித்த இர்ஃபான் கான், தமக்கு இந்த நோய் இருப்பதாக 2018-இல் அறிவித்தார். 2020-இல் காலமானார். ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003-இல் கணையத்தில் கண்டறியப்பட்டதும் இதுவே. கணையத்தின் சாதாரணப் புற்றுநோய் பலரையும் ஓராண்டுக்குள் கொண்டுபோய்விடும். அவரோ 2011 வரை இருந்தார். உறுப்பு ஒன்று, கட்டி வேறு, கணக்கும் வேறு.

குறைவாக வந்தும் நிறையப் பேர்

அமெரிக்கப் பதிவேடுகளின்படி, உடலின் எல்லா உறுப்புகளையும் சேர்த்து, நியூரோஎண்டோகிரைன் கட்டி 1973-இல் லட்சம் பேரில் ஒருவருக்குக் கண்டறியப்பட்டது. 2012-இல் அது ஏறத்தாழ ஏழு பேர். கேமரா குழாயும் ஸ்கேனும் பெருகியதால், முன்பு கண்ணில் படாதவை இப்போது படுவது இதற்கு முக்கியக் காரணம்.

ஒரு வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் தண்ணீர் விழுகிறது. அடியில் ஓட்டை சிறிதாக இருந்தால் வாளி மெல்ல நிறையும். இந்தக் கட்டியும் அப்படித்தான். புதிதாக வருவோர் குறைவு. ஆனால் பலர் நீண்ட காலம் வாழ்வதால், நோயோடு வாழ்வோர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. அமெரிக்காவில் உணவுப் பாதைப் புற்றுநோய்களோடு வாழ்வோரைக் கணக்கெடுத்தபோது, பெருங்குடல் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் இது நின்றது.

நோயாளிகள் எப்படி இருக்கிறார்கள்?

நியூரோஎண்டோகிரைன் கட்டி பரவுமுன் கண்டறியப்பட்டால், பாதிக்கும் மேற்பட்டோர் முப்பது ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியபின் கண்டறியப்பட்டவர்களில் பாதிப் பேர் ஓராண்டே தாண்டினார்கள். இந்த இரண்டாவது கணக்கைக் கேட்டு மனம் உடைய வேண்டாம். வேகமாக வளரும் கட்டியும் மெதுவாக வளரும் கட்டியும் இதில் சேர்ந்தே இருக்கின்றன. மெதுவாக வளரும் வகை கல்லீரலுக்குப் பரவியிருந்தாலும், மாதாந்திர ஊசியோடு பல ஆண்டுகள் வாழ்பவர்கள் உண்டு. கட்டியைத் தேடிப்போய்க் கதிர்வீச்சுச் செலுத்தும் லுட்டீசியம் சிகிச்சைக்கு 2018-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது.

ஜிஸ்ட்டின் கதை இன்னும் வியப்பானது. வழக்கமான கீமோதெரபிக்கு இது மசியாது. 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், 'கிட்' என்ற மரபணுவில் ஏற்படும் கோளாறுதான் இதைத் தூண்டுகிறது என்று கண்டறிந்தார்கள். 2000-இல் பின்லாந்தில், நோய் முற்றிய ஒரு பெண்மணிக்கு, ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட இமாட்டினிப் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்களிலேயே கட்டிகள் சுருங்கின. அதற்குமுன், பரவிய ஜிஸ்ட் உள்ளவர்களில் பாதிப் பேர் ஒன்றரை ஆண்டுகூடத் தாண்டுவதில்லை. மாத்திரை வந்தபின் அது ஏறத்தாழ ஐந்து ஆண்டானது. பத்தாண்டைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். பரவுமுன் கண்டறியப்பட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள்.

என் தவறும் உண்டு

எல்லாம் நல்ல கதை என்று சொல்லிவிட்டு நான் இறங்கிப் போகக் கூடாது. நான் இளம் மருத்துவராக இருந்தபோது லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் வருவார். அடிக்கடி வயிற்றுப்போக்கு, முகம் திடீரென்று சிவந்து சூடாகும். மனஉளைச்சல், உணர்ச்சிவசப்படும் குடல் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் வீங்கியபின்தான் நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று தெரிந்தது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. நோய் அபூர்வமானது என்பதால் அவரை இழக்கவில்லை. நாங்கள் அதை நினைத்தே பார்க்காததால் இழந்தோம்.

ஆகவே, மலம் தார்போலக் கறுத்தால், காரணம் தெரியாமல் இரத்தம் குறைந்தால், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பினால், வயிற்றுப்போக்கும் முகச் சிவப்பும் மாதக் கணக்கில் நீடித்தால், மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணமாகவே இருக்கும். இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது.

கட்டி என்று சொன்னால் மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஒன்று, இது எந்த வகைக் கட்டி? இரண்டு, எவ்வளவு வேகமாக வளர்கிறது? நியூரோஎண்டோகிரைன் கட்டிக்குக் 'கே.ஐ. 67' என்ற அளவு எத்தனை விழுக்காடு என்று கேளுங்கள். மூன்று விழுக்காட்டுக்குக் கீழே என்றால் மெதுவாக வளர்வது. இருபதுக்கு மேலே என்றால் வேகமானது. மூன்று, ஜிஸ்ட் என்றால், மரபணுப் பரிசோதனை செய்தாயிற்றா? எல்லா ஜிஸ்ட்டுக்கும் ஒரே மாத்திரை பலிக்காது. இமாட்டினிப் பலிக்காத ஒரு வகைக்கு 2020-இல் வேறு மாத்திரை வந்துவிட்டது. கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அந்த அம்மாவுக்கு வந்தது ஜிஸ்ட். கட்டியை அறுத்தெடுத்து, மூன்று ஆண்டுகள் மாத்திரை கொடுத்தோம். இப்போதும் பரிசோதனைக்கு வருகிறார். போன முறை வந்தபோது பேத்தியின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். அன்று மாதக் கணக்குக் கேட்ட மகன்தான் காரை ஓட்டி வந்திருந்தார்.