நாடகத் தமிழின் நா: ஔவை சண்முகனார்

(இராசிபுரம் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த இராசிபுரத்தில் நின்று ஔவையின் பெயரைச் சொல்வது, பிறந்த வீட்டில் நின்று தாயின் பெயரைச் சொல்வது போன்றது. தென்கிழக்கே நிமிர்ந்து நிற்பது கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை. வடக்கே இருப்பது தகடூர்; ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் ஊர். ஆயினும் இன்று நான் பேச வந்தது புறநானூற்று ஔவையைப் பற்றி அன்று. அந்த ஔவையாக மேடையில் நின்று, தன் பெயருக்கு முன்னே அவள் பெயரைத் தாங்கிய ஓர் ஆண்மகனைப் பற்றியே பேச வந்தேன்.

இளைஞர்களே! 'ஔவை சண்முகி' என்றதும் 1996ஆம் ஆண்டில் வந்த நகைச்சுவைத் திரைப்படம் உங்கள் நினைவுக்கு வரும். அதன் நாயகர் கமலகாசன், சிறுவனாக இருந்தபோது சண்முகனாரின் நாடகக் குழுவில் பயின்றவர். ஆசிரியர்க்கு மாணவர் செலுத்திய வணக்கம் அப்பெயர். வணக்கத்தைச் சிரித்துக் கொண்டாடினோம், வணங்கப்பட்டவரை மறந்தோம். அந்த மறதியைச் சற்றே நீக்குவதுதான் இவ்வுரையின் நோக்கம்.

சண்முகனார் 1912ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் பிறந்தார். தந்தையார் கண்ணுசாமியார், பெண் வேடமிட்டு நடித்த மேடைக் கலைஞர். 1918இல், ஆறு அகவைப் பிள்ளையாக, உடன்பிறந்தாரோடு மதுரையில் சங்கரதாசு அடிகளின் சிறுவர் நாடகக் குழுவில் சேர்ந்தார். அக்குழுவின் பெயர் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'. பெயரைக் கேட்டதும் உங்கள் முகம் சுளிப்பதைப் பார்க்கிறேன். எனக்கும் அப்படித்தான். ஆனால் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சுளித்த கண்ணால், பலகைக்குப் பின்னே நடந்த பணியையும் பார்க்க வேண்டும்.

அடிகள் ஏன் சிறுவர்களைத் தேடினார்? அந்நாளைய பெரிய நடிகர் பலர் எழுதிய உரையாடலைப் பேசுவதில்லை. மேடையிலேயே சொற்போர் தொடுப்பர். ஒருவரை ஒருவர் மடக்குவர். கதை எங்கோ போகும். அதைக் கண்டு மனம் வெதும்பியவர், பிள்ளைகளைத் திரட்டினார். ஆசிரியன் எழுதிய சொல்லை அப்படியே, பிழையின்றி, பொருளுணர்ந்து சொல்லப் பழக்கினார். 'அபிமன்யு சுந்தரி' என்னும் நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதும், அதில் அபிமன்யுவாக நடித்தவர் சிறுவன் சண்முகம் என்பதும் நாடக வரலாறு. 1922இல் அடிகள் புதுச்சேரியில் மறைந்தார். அப்போது மாணவர்க்கு அகவை பத்து.

எண்ணிப் பாருங்கள். ஒலிவாங்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் உழவனின் காதுக்கு ஒவ்வோர் எழுத்தும் போய்ச் சேர வேண்டும். லகரமும் ளகரமும் ழகரமும் மயங்கினால் பொருளே மாறிவிடும். ஆகவே அச்சிறுவர்க்கு ஒலிப்புப் பயிற்சி, உயிர்ப் பயிற்சி. வீட்டைப் பிரிந்து, இரவெல்லாம் விழித்து அப்பிள்ளைகள் பட்ட துன்பத்தை நான் போற்றவில்லை. எந்தக் குழந்தைக்கும் அது வேண்டா. ஆனால் அத்துன்பத்தில் விளைந்த தமிழ் வளமானது. பள்ளிக்கூட நிழலில் நெடுநாள் இருந்திராத அந்த மனிதர் பின்னாளில் 'நாடகக் கலை' என நூல் எழுதினார். 'எனது நாடக வாழ்க்கை' எனத் தன் வரலாறும் எழுதினார்.

1925இல் உடன்பிறந்தார் நால்வரும் சொந்தக் குழு தொடங்கினர். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்பது அவர்கள் வரிசை. 'டி.கே.எசு.' என்ற ஆங்கில முதலெழுத்துகளால்தான் நாடு அவர்களை அறிந்தது. தொன்மக் கதைகளோடு நில்லாமல் குமுகாய நாடகங்களையும் நாட்டு விடுதலை நாடகங்களையும் அவர்கள் மேடையேற்றினர். அவர்களுடைய 'மேனகா' 1935இல் திரைப்படமானது. திரை வந்தபின் மேடையை விட்டோடியவர் பலர். இவர்கள் திரைக்குப் போய் மீண்டும் மேடைக்கே வந்தார்கள்.

1942இல் 'ஔவையார்' அரங்கேறியது. எழுதியவர் எதிராசுலு. முப்பது அகவை இளைஞர், கூனிய முதுகும் கோலூன்றிய கையுமாகத் தமிழ் மூதாட்டியாய் வந்தார். அதற்கு முன் மேடையில் ஆண்கள் பெண் வேடமிட்டதில்லையா? இட்டார்கள். அரசியாகவும் காதலியாகவும், அழகைக் காட்ட இட்டார்கள். இவரோ அறிவைக் காட்டப் பெண் வேடமிட்டார். எழுத்தறியாத ஆயிரமாயிரம் மக்கள் ஔவையின் தமிழைக் கண்ணாரக் கண்டு, காதாரக் கேட்டனர். கொடுமுடி சுந்தராம்பாள் அம்மையார் திரையில் ஔவையாக வந்தது 1953இல். அதற்குப் பதினோராண்டு முன்பே மேடையில் ஔவை நடந்துவிட்டாள். நாட்டு மக்கள் அவரை 'ஔவை சண்முகம்' என்றே அழைத்தனர். சென்னையில் ஒரு சாலையே அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

1944இல் நம் அண்டை ஊராகிய ஈரோட்டில் நாடகக் கலை மாநாட்டை அவ்வுடன்பிறந்தார் கூட்டினர். அறிஞர் அண்ணா அதில் கலந்துகொண்டார். அதே ஆண்டில்தான் மொழிஞாயிறு பாவாணர் சேலம் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். ஒருபுறம் வேர்ச்சொல் ஆய்வு, மறுபுறம் மேடைத்தமிழ். ஒன்று வேர், மற்றொன்று பூ. இரண்டும் நம் வட்டாரத்தில் ஒரே காலத்தில் தழைத்தன என்பது நமக்குப் பெருமை.

இனி வானொலிக்கு வருவோம். சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. வானொலியில் உடையில்லை, ஒப்பனையில்லை, திரைச்சீலையில்லை. குரல் ஒன்றே நடிகன். அங்கே, சொல்லைச் சொல்லத் தெரிந்தவனே நிற்க முடியும். மேடையில் வளர்ந்த தமிழுக்கு அது இயல்பான புகலிடமாயிற்று. எழுதியவர் ஏ.எசு.ஏ. சாமி, குரல் தந்தவர் தியாகராச பாகவதர், 'பில்கணன்' முதலில் வானொலி நாடகமாகவே மக்களை அடைந்தது. பின்னர் சண்முகனார் குழுவினர் அதை மேடைக்குக் கொண்டுவந்தனர். 1948இல் அது படமானபோது பில்கணனாக நடித்தவரும் சண்முகனாரே. வானொலி மேடைக்குத் தந்தது. மேடை வானொலிக்குத் தந்தது. கொடுக்கல் வாங்கலில் தமிழ் வளர்ந்தது.

அந்த 'வானொலி' என்ற அழகிய சொல்லுக்கே வந்த இடரைப் பாருங்கள். 1950களில் 'ஆகாசவாணி' என்ற பெயரை நடுவண் அரசு கொண்டுவந்தது. தமிழ் ஒலிபரப்பில் தமிழ்ச்சொல்லை நிலைநிறுத்தத் தமிழர் போராட வேண்டியிருந்தது. 2023இல், ஆங்கில ஒலிபரப்பிலும் 'ஆகாசவாணி' என்றே சொல்லவேண்டுமென ஆணை வந்தது. பெயரை அவர்கள் திணிக்கிறார்கள், அதை எதிர்ப்போம். ஆனால் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்: தனியார் பண்பலைகளில் நாள் முழுதும் ஆங்கிலமும் தமிழும் குழைத்துப் பேசுகிறார்களே, அதை யார் திணித்தார்? ழகரம் வராத நாவைக் கொஞ்சுமொழி என்று கொண்டாடுகிறோமே, அதற்கு எந்த அரசு ஆணையிட்டது? வெளியிலிருந்து வரும் கேட்டை எதிர்க்க ஊர்வலம் போதும். உள்ளிருந்து வரும் கேட்டை எதிர்க்கப் பயிற்சி வேண்டும்.

சண்முகனார் 1973ஆம் ஆண்டு பிப்பிரவரியில் மறைந்தார். அவர் வாழ்க்கை சொல்லும் பாடம் இதுதான்: தமிழ் ஏட்டில் இருந்தால் போதாது, நாவில் இருக்க வேண்டும். ஏட்டிலுள்ள தமிழைக் கறையான் தின்னும். நாவிலுள்ள தமிழைத் தின்ன எந்தக் கறையானாலும் இயலாது.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். திருவிழாக்காலத்தில் இவ்வூரில் எத்தனையோ ஆட்டபாட்டங்கள் நடக்கின்றன. அவற்றுக்கிடையே ஓர் இரவு, ஒரு மணி நேரம், நம் பிள்ளைகள் நடிக்கும் ஒரு நல்ல தமிழ் நாடகம் நடக்கட்டும். அதியமானும் ஔவையும் ஓரியும் இம்மண்ணிலேயே இருக்கிறார்கள். கதைக்கு வெளியூர் போக வேண்டா. பத்துப் பிள்ளைகள் போதும். ஒலிவாங்கியை அணைத்துவிட்டுப் பழக்குங்கள். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் காதுக்கு ழகரம் தெளிவாய்ச் சேர்ந்தால், அன்று நம் இராசிபுரத்தில் ஔவை மீண்டும் வந்தாள் என்று கொள்வோம்.

வாழ்க தமிழ்! வளர்க நாடகத் தமிழ்!