ஊடுபால் குழந்தைகளின் உரிமை நமது கோரிக்கையாகட்டும்

(ஐதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இந்தப் பகுதி ஓர் அறிவியலாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1967இல் தொடங்கப்பட்ட இ.சி.ஐ.எல். பொதுத்துறை நிறுவனத்தை உருவாக்கி வளர்த்தவர் ஏ.எஸ்.ராவ். அறிவியலோடும் பொதுத்துறையோடும் பின்னிப் பிணைந்த இந்த இடத்தில், அறிவியலில் தொடங்கி உரிமைப் போராட்டத்தில் சென்று முடியும் ஒரு பொருளைப் பற்றிப் பேசுவது பொருத்தமானது என்று கருதுகிறேன். ஊடுபால் மனிதர்கள் பற்றியதே இந்த உரை.

இது வர்க்கப் பிரச்சினையா, இதைக் கட்சி வகுப்பில் பேச வேண்டுமா என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். வேலை பறிக்கப்பட்ட ஒரு காவலரும், பதக்கம் பறிக்கப்பட்ட ஒரு செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வார்கள். அதற்கு முன் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

ஊடுபால் என்றால் என்ன?

குரோமோசோம், இனப்பெருக்கச் சுரப்பி, ஹார்மோன், பிறப்புறுப்பு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ, ஆண் உடல், பெண் உடல் என்று நாம் பழகியுள்ள வரையறைக்குள் முழுமையாக அடங்காமல் பிறப்பவர்களே ஊடுபால் மனிதர்கள். இது உடலின் பிறவி அமைப்பு. திருநங்கை, திருநம்பி என்பது ஒருவர் தம் பாலினத்தை உள்ளத்தால் உணர்வது பற்றியது. யாரை விரும்புகிறோம் என்பது மூன்றாவது விஷயம். ஊடுபாலாகப் பிறந்தவர்களில் பலர் தம்மைப் பெண்ணாகவோ ஆணாகவோ மட்டுமே கருதி வாழ்கிறார்கள். சிலர் திருநராக வாழ்கிறார்கள். இவை மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே பெரும்பாலான தவறான கருத்துகளுக்குக் காரணம்.

கருவுற்ற முதல் ஆறு வாரங்கள் வரை எல்லாக் கருக்களிலும் இனப்பெருக்கச் சுரப்பி ஒரே வகையாகத்தான் இருக்கிறது. அதன் பிறகே மரபணுக்களும் ஹார்மோன்களும் படிப்படியாகச் செயல்பட்டு அதை ஒரு திசையில் வளர்க்கின்றன. அந்தப் படிகளில் எதிலும் மாறுபாடு நிகழலாம். ஓர் எடுத்துக்காட்டு: எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் கொண்ட ஒரு குழந்தையின் உடல் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. ஆனால் உடலின் செல்களால் அந்த ஹார்மோனை ஏற்க முடியவில்லை. அந்தக் குழந்தை பெண்ணாகவே பிறந்து, பெண்ணாகவே வளர்கிறது. பருவ வயதில் மாதவிடாய் வராதபோதுதான் பலருக்கு இந்த உண்மையே தெரியவருகிறது. ஊடுபால் தன்மையைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பது எவ்வளவு தவறானது என்பதற்கு இதுவே சான்று.

எந்தெந்த வேறுபாடுகளைக் கணக்கில் சேர்ப்பது என்பதைப் பொறுத்து இவர்களின் எண்ணிக்கை மாறுபடுகிறது. மக்கள்தொகையில் 0.05 முதல் 1.7 விழுக்காடு வரை என்பது ஐ.நா. மனித உரிமை அலுவலகம் எடுத்துக்காட்டும் மதிப்பீடு. குறைந்த மதிப்பீட்டையே எடுத்துக்கொண்டாலும் இந்தியாவில் பல லட்சம் பேர் இருக்க வேண்டும்.

இயற்கையில் கறாரான எல்லைக்கோடுகள் இல்லை என்பதை எங்கெல்ஸ் 'இயற்கையின் இயக்கவியல்' நூலில் வலியுறுத்தியிருக்கிறார். தமிழ் மரபுக்கும் இது புதிதன்று. பேடி என்னும் சொல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் இலக்கணம் வகுத்தபோது அதை உயர்திணையிலேயே வைத்தது. ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவரும் மக்கள் என்ற திணைக்குள் அடங்குவர் என்பதில் அந்த இலக்கணத்துக்குத் தயக்கமில்லை.

கேட்காமல் வைக்கப்படும் கத்தி

இன்று ஊடுபால் மனிதர்கள் உலகெங்கும் முன்வைக்கும் முதல் கோரிக்கை, பச்சிளம் பருவத்தில் தங்கள் சம்மதமின்றிச் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளை நிறுத்த வேண்டும் என்பதாகும். 1950களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் மணி என்ற உளவியலாளர் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். சிறுவயதிலேயே உறுப்பைத் 'திருத்தி', உறுதியாக ஒரு பாலாக வளர்த்துவிட்டால் குழந்தை அப்படியே ஆகிவிடும் என்பது அதன் சாரம். இது உலகின் பல மருத்துவமனைகளில் நடைமுறையாயிற்று. உண்மையைக் குழந்தையிடம் மறைப்பதும் சிகிச்சையின் பகுதியாயிற்று.

விளைவுகளை அனுபவித்தவர்கள் வளர்ந்தபின் பேசத் தொடங்கினார்கள். உணர்விழப்பு, ஆறாத தழும்பு, சிறுநீர்த் தொற்று, மீண்டும் மீண்டும் அறுவை, குழந்தைப்பேறு இழப்பு, சுரப்பியை அகற்றியதால் வாழ்நாள் முழுவதும் ஹார்மோன் மருந்து என்று அவர்கள் சொன்ன துயரங்கள் பல. எல்லாவற்றுக்கும் மேலாக, தம் உடலைப் பற்றிய முடிவு தமக்குத் தெரியாமலேயே எடுக்கப்பட்டதே என்ற வேதனை. 2013இல் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர், இத்தகைய கட்டாயச் சிகிச்சைகளை அனுமதிக்கும் சட்டங்களை நீக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டார். 2015இல் மால்டா இதைச் சட்டத்தால் தடை செய்த முதல் நாடாயிற்று.

இங்கே ஒரு வேறுபாட்டை மனதில் இருத்த வேண்டும். அட்ரீனல் சுரப்பியில் பிறவிக் குறைபாடு உள்ள சில குழந்தைகளின் உடலில் உப்புச் சத்து வேகமாகக் குறையும். உடனே ஹார்மோன் மருந்து கொடுக்காவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே உயிர் போய்விடும். அந்த மருத்துவம் கட்டாயம் தேவை, தாமதமின்றித் தேவை. சிறுநீர் வெளியேற வழியில்லாத குழந்தைக்கு அறுவை தேவை. உறுப்பு பார்வைக்கு 'இயல்பாக' இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்படும் அறுவையோ காத்திருக்கக்கூடியது. குழந்தை வளர்ந்து, புரிந்துகொண்டு, தானே முடிவெடுக்கட்டும். பெண் பெயரோ ஆண் பெயரோ வைத்து வளர்ப்பதற்குக் கத்தி தேவையில்லை. பின்னாளில் பெயரை மாற்றிக்கொள்ளலாம். வெட்டியதை ஒட்ட முடியாது.

மதுரையிலிருந்து கொச்சி வரை

இந்தியாவில் இதற்கு முதல் தடையைப் பெற்றுத் தந்தது தமிழ்நாடு. தூத்துக்குடியைச் சேர்ந்த ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தனர். அந்த வழக்கில் 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. திருமணத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டதோடு, பெற்றோரின் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாகக் கொள்ள முடியாது என்றும், ஊடுபால் குழந்தைகளுக்குப் பால் மாற்ற அறுவை செய்வதைத் தடை செய்ய வேண்டும் என்றும் கூறியது. மதுரையைச் சேர்ந்த ஊடுபால் உரிமைச் செயற்பாட்டாளர் கோபி சங்கரின் பணியையும் நீதிமன்றம் குறிப்பிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அரசாணை வெளியிட்டது. உயிருக்கு ஆபத்தான நிலை மட்டுமே விதிவிலக்கு, அதையும் ஒரு குழு முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் ஏற்பாடு.

2023 ஆகஸ்டில் கேரள உயர்நீதிமன்றத்தின் முன் ஏழு வயதுக் குழந்தை ஒன்றின் வழக்கு வந்தது. குழந்தையைப் பெண்ணாக வளர்க்க அறுவைக்கு அனுமதி வேண்டும் என்று பெற்றோரே கேட்டனர். குழந்தையின் சம்மதமின்றி அனுமதிப்பது அதன் கண்ணியத்தையும் அந்தரங்க உரிமையையும் மீறுவதாகும் என்று நீதிமன்றம் மறுத்தது. இத்தகைய அறுவைகளை ஒழுங்குபடுத்துமாறு மாநில அரசுக்கும் உத்தரவிட்டது. இந்தப் பெற்றோரைக் கொடியவர்களாகச் சித்திரிப்பது நியாயமாகாது. ஊர் என்ன சொல்லும், பள்ளியில் என்ன ஆகும், நாளை திருமணம் எப்படி நடக்கும் என்ற அச்சம் அவர்களை மருத்துவமனை வாசலுக்குத் தள்ளுகிறது. அந்த அச்சத்தைத் தோற்றுவிப்பது சமூகம். அதை மாற்றும் பொறுப்பு நம்முடையது.

நாடு முழுமைக்கும் ஒரே விதி வேண்டும் என்று கோபி சங்கர் தொடுத்த மனு மீது 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஒன்றிய அரசிடம் விளக்கம் கேட்டது. ஒரு குழந்தையின் உடல் மீதான உரிமை, அது எந்த மாநிலத்தின் மருத்துவமனையில் பிறக்கிறது என்பதைப் பொறுத்து மாறுவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

பறிக்கப்பட்ட வேலையும் பதக்கமும்

வளர்ந்தவர்களின் நிலைக்கு வருவோம். கரூர் மாவட்டத்தில் பெண்ணாகப் பிறந்து வளர்ந்து, பெண் காவலராகத் தேர்வான ஒருவரை மருத்துவப் பரிசோதனை அறிக்கை ஒன்றின் பேரில் காவல்துறை பணிநீக்கம் செய்தது. 2014 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்து அவரை மீண்டும் பணியில் சேர்க்க உத்தரவிட்டது. ஒருவரின் பாலினத்தை மெய்ப்பிக்க மருத்துவப் பரிசோதனைக்குக் கட்டாயப்படுத்துவது அரசமைப்பின் 21ஆவது பிரிவுக்கு முரணானது என்றது. வழக்குத் தொடுக்க இயலாமல் வேலையை இழந்து வாய்மூடிப் போகிறவர்களைப் பற்றித் தொழிற்சங்கத் தோழர்கள் சிந்திக்க வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் தலித் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். சில நாட்களிலேயே பாலினச் சோதனையில் தோற்றார் என்று பதக்கம் பறிக்கப்பட்டது. அந்தரங்கமான மருத்துவத் தகவல் ஊடகங்களில் செய்தியாயிற்று. அவர் எந்த ஊக்கமருந்தும் உட்கொள்ளவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. தமிழ்நாடு அரசு 15 லட்சம் ரூபாய் பரிசளித்தது. ஆயினும் அவமானம் அவரை உயிரை மாய்த்துக்கொள்ள முயலும் நிலைக்குத் தள்ளியது. நாட்டுக்காக ஓடியவர் 2012இல் செங்கல் சூளையில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். பிறகு பயிற்சியாளர் பட்டயம் பெற்று, இளம் வீரர்களுக்குப் பயிற்சியளித்து எழுந்து நின்றது அவருடைய மனவுறுதி.

2014இல் ஒடிசா நெசவாளர் குடும்பத்தின் மகள் டூட்டி சந்த், உடலில் இயற்கையாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் அளவைக் காரணம் காட்டி விலக்கப்பட்டார். அவர் பணியவில்லை. 2015 ஜூலையில் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அந்த விதியை நிறுத்திவைத்தது. ஆனால் கட்டுப்பாடுகள் வேறு வடிவில் திரும்பி வந்தன. 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவில் பங்கேற்கும் அனைவருக்கும் எஸ்.ஆர்.ஒய். மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. 1990இல் அந்த மரபணுவைக் கண்டறிந்த ஆய்வாளர்களில் ஒருவரான ஆண்ட்ரூ சின்கிளேரே, ஒரு மரபணுவை வைத்து ஒருவரின் பாலை முடிவு செய்ய முடியாது என்று இதை எதிர்த்தார். பெண்கள் விளையாட்டில் நியாயம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. நியாயத்தின் பெயரால் ஏழை நாடுகளின் உழைப்பாளர் வீட்டுப் பெண்களின் உடல் சந்தேகத்துக்குரியதாக்கப்படுவதை எதிர்க்கிறோம்.

உடலைச் சோதித்து மனிதரைப் பட்டியலிடும் அதிகாரம் இந்த ஐதராபாத்துக்கும் புதிதன்று. நிஜாம் ஆட்சியில் 1329 பசலியில், அதாவது 1919இல் கொண்டுவரப்பட்ட சட்டம், மருத்துவ ஆய்வில் ஆண்மையற்றவராகத் தோன்றுவோரையும் 'அலி' என வகைப்படுத்தி, பதிவேட்டில் ஏற்றவும், பெண்ணுடையில் பொதுவிடத்தில் காணப்பட்டால் ஆணையின்றிக் கைது செய்யவும் வகைசெய்தது. நிஜாம் ஆட்சி முடிந்து முக்கால் நூற்றாண்டு கழித்து, 2023 ஜூலையில்தான் தெலங்கானா உயர்நீதிமன்றம் அதை அரசமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்தது.

2014இல் உச்சநீதிமன்றம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டமோ ஊடுபால் மனிதர்களையும் திருநர் என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்தது. குழந்தைகள் மீதான அறுவையைத் தடை செய்ய அதில் ஒரு பிரிவுகூட இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

தோழர்களே, நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். உயிர்காக்கும் தேவையன்றி ஊடுபால் குழந்தைகளுக்கு அறுவை செய்வதை நாடு முழுவதும் சட்டத்தால் தடை செய்ய வேண்டும். கேரளத்தில் உள்ளதுபோல, அட்ரீனல் குறைபாட்டைக் கண்டறியும் பச்சிளங்குழந்தைப் பரிசோதனை எல்லா மாநில அரசு மருத்துவமனைகளிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். மருந்தும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். பெற்றோருக்கு உளவியல் ஆலோசனை தர வேண்டும். வேலைக்கான உடற்தகுதிச் சோதனை பாலினச் சோதனையாக மாறுவதைத் தொழிற்சங்கங்கள் எதிர்க்க வேண்டும்.

கோரிக்கை எழுப்புவது மட்டும் போதாது. நாளை நம் தெருவில் ஒரு வீட்டில் இப்படி ஒரு குழந்தை பிறந்தால், அந்தத் தாயைப் பழிக்கும் பேச்சைத் தடுக்கவும், உடனடித் தேவை எது, காத்திருக்கக்கூடியது எது என்று மருத்துவரிடம் கேட்டுத் தெளியத் துணைநிற்கவும், குழந்தையின் விவரத்தை ஊர்ப்பேச்சாக்காமல் காக்கவும் நமது மாதர், வாலிபர் அமைப்புகளின் தோழர்கள் முன்னிற்க வேண்டும். இதற்கான முதல் விளக்கக் கூட்டத்தை இந்தப் பகுதியிலேயே, தெலுங்குத் தோழர்களோடு இணைந்து நடத்துவோம் என்று கேட்டுக்கொண்டு என் உரையை நிறைவு செய்கிறேன்.